பலகைச் சுவருக்குக் கீழே

முதலில் மேலாளரைத்தான் ஏற்றினார்கள்.

எங்கள் குழுப் பயிற்சி முகாமுக்கு எந்த ஆபீஸ் வந்தாலும் இதே கூத்து. இரண்டு ஆள் உயரப் பலகைச் சுவர், உச்சியில் பலகை மேடை. பிடித்து ஏற எதுவும் கிடையாது. ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுத்தான் எல்லாரும் மேலே போயாக வேண்டும். வலுவான இரண்டு பேர் முதலில் மேலே போய்க் கை கொடுத்தால் காரியம் சுலபம். இவர்களோ கதவு திறந்துவிடுகிற பழக்கத்தில் மேலாளரைத் தூக்கி மேலே வைப்பார்கள். அவர் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வார்.

இவரும் சொன்னார்.

நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழே நின்றேன். விளையாட்டை நடத்துகிறவள் தூக்கிவிடக் கூடாது, வழி சொல்லக் கூடாது. விழுந்தால் பிடிக்கலாம். அதுதான் விதி.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இயந்திரவியல். அப்பா கொத்தனார். என் வேலையை அவருக்கு விளக்கியபோது சொன்னார்:

"நான் கட்டுன சுவத்துல எவனாவது ஏறுனா அடிக்க ஓடுவாங்க. நீ ஏறச் சொல்லிச் சம்பளம் வாங்குற. படிச்சது வீண்போகல தாயி."

கிண்டலா பெருமையா என்று இன்றுவரை தெரியவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஹெச்.ஆர். மேடம் நின்றார். கறுப்புக் கண்ணாடி, கையில் தண்ணீர் பாட்டில். 'நாம் ஒரே குடும்பம்' என்று அச்சடித்த பனியன்தான் எல்லாருக்கும். மற்றவர்களுடையது மண்ணும் வியர்வையுமாக இருந்தது. அவருடையதில் பாக்கெட்டிலிருந்து எடுத்த மடிப்புகூடக் கலையவில்லை.

காலையில் வேனிலிருந்து இறங்கியதுமே என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"அடுத்த மாசம் ஒருத்தரைக் குறைக்கணும்மா. யாரு டீமோட ஒட்டலைன்னு பாத்து ஒரே ஒரு பேரு சொல்லு. வெளியாள் சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குடும்பம் என்று பனியன் போட்டுக் கூட்டிவந்து கழுத்தை அறுக்கிறார்கள். கத்தியை மட்டும் என் கையில் கொடுக்கிறார்கள். ஆனாலும் முடியாது என்று நான் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் வேலை தேடி அலைந்தவளுக்கு அந்தச் சொல் லேசில் வராது.

ஒவ்வொருவராக மேலே போனார்கள். தொடையை மிதித்து, தோளை மிதித்து, ஒருவன் இன்னொருவனின் காதையே மிதித்து.

கடைசியில் கீழே ஒருவர் மிஞ்சினார். கணக்குப் பிரிவு அக்கா. கனத்த உடம்பு, ஒரு முழங்காலில் உறை. ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் பெரியம்மா. வயது நாற்பதுகூட இருக்காது. இவ்வளவு நேரமும் கைகளைக் கோத்து எல்லாருக்கும் படியாக நின்றவர் அவர்தான். உள்ளங்கை முழுக்க ஷூ மண்.

"பெரியம்மாவுக்கு கிரேன்தான் வரணும்" என்று மேலேயிருந்து ஒருவன் சொன்னான்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். கல்லூரியில் என் ஆங்கிலத்தைக் கேட்டு வகுப்பே சிரித்தபோது நானும் அப்படித்தான் சேர்ந்து சிரித்தேன்.

ஹெச்.ஆர். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவங்கதானே?" என்றார் மெதுவாக.

விசிலைக் கழற்றி மண்ணில் போட்டேன். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தேன்.

"ஏறுங்கக்கா."

"ஐயையோ, உன் முதுகு தாங்காதும்மா."

"லீவுக்கு லீவு அப்பாகூடச் செங்கல் சுமந்த முதுகு. சும்மா ஏறுங்க."

ஏறினார். எனக்கு மூச்சு நின்று வந்தது. மேலேயிருந்து கைகள் நீண்டன. கிரேன் என்று சொன்னவனுடைய கைதான் முதலில் நீண்டது. சட்டென்று பாரம் போயிற்று. மேலே கைதட்டல்.

நிமிர முடியாமல் நிமிர்ந்து மேடத்திடம் போனேன். என் வேலை போனாலும் போகட்டும் என்று ஆகிவிட்டது.

"பேரு கேட்டீங்களே மேடம். உங்க ஆளுங்க எல்லாரும் மேல போயாச்சு. ஏறாம கீழயே நிக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன். கைதட்டல் நின்றது. எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். மேலாளர் மட்டும் வேறு பக்கம் பார்த்தார்.

மேடம் கத்துவார், என் முதலாளிக்குப் போன் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார். குடிக்காமலே மூடினார்.

"தெரியும்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "வேற பேரு கொண்டு வரலைன்னா என் பேருதான்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

ஓங்கிய கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மேலே கணக்குப் பிரிவு அக்கா பலகையில் குப்புறப் படுத்து, மண் அப்பிய கையைக் கீழே நீட்டினார்.

"வாங்க மேடம், நான் பிடிச்சுக்கறேன். பயப்படாதீங்க."

மேடம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து, ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

என் முதுகு விண்விண்ணென்று தெறித்தது. சுவரில் கைகளை ஊன்றி மறுபடியும் குனிந்தேன்.