கரையில் கிடந்தவன்

சாந்தோம் கடற்கரையின் ஈரமணலில் பவுல்சாமி பிணமாகக் கிடந்தான். உடம்பு மரத்துப் போயிருந்தது.

சிநேகிதர்கள் சேர்ந்து எடுக்கும் சின்னப் படத்தில் அவனுக்குப் பிண வேஷம். யுத்தம் முடிந்த அந்த வருஷம் பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அகஸ்டின் இரவல் வாங்கி வந்த கேமராவில் ஒரு காட்சிக்குத்தான் பிலிம் மிச்சமிருந்தது. சொந்தக்காரர் சாயங்காலம் ரயிலேறுவதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அம்மாவாக நடிக்கவேண்டிய டோரதியோ வரவேயில்லை.

மீன் விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்த கெங்கம்மாவை அகஸ்டின் கூப்பிட்டான்.

"இவன் உன் புள்ளைன்னு நெனச்சுக்கோம்மா. கடல்ல மூழ்கிச் செத்துட்டான். கட்டிப் புடிச்சுக் கதறணும்."

"சரி நைனா."

கேமரா ஓடத் தொடங்கியது. கண்ணை மூடியபடி பவுல்சாமி கதறலுக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. ஒரு கை அவன் காதோரத்து மணலை வழித்தது. நெற்றியைத் துடைத்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டது.

"அழும்மா, அழு!" என்று அகஸ்டின் கத்திக்கொண்டிருக்கும்போதே பிலிம் தீர்ந்துபோனது. "எல்லாம் போச்சு! புள்ள செத்தா இப்படியா சும்மா உக்காந்திருப்பாங்க?"

"அழுது முடிச்சிட்டேன் நைனா," என்றாள் கெங்கம்மா, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல். "ஆடி மாசம் கட்டுமரம் மட்டும் திரும்பி வந்திச்சி. எம்புள்ள ஒடம்புகூட ஒதுங்கல. மணலத் தொடச்சி வுட இன்னிக்குத்தான் எனக்குக் குடுத்து வச்சிது."

அவள் கை இன்னும் அவன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தது. பவுல்சாமி எழுந்திருக்கவில்லை.