மாத்திரையின் பேர்

தொலைக்காட்சியில் பூங்கொடியின் முகத்தை மறைத்து, குரலையும் மாற்றியிருந்தார்கள். பனியன் கம்பெனியில் மாதவிலக்கு வலிக்குக் கொடுக்கிற மாத்திரையைத் தின்று தின்று விலக்கே நின்றுபோனது, கல்யாணமாகியும் பிள்ளை தங்கவில்லை என்று அந்தக் குரல் சொன்னது. பேசும்போதெல்லாம் அவள் விரல்கள் சேலை ஓரத்தில் பிசிறு கிள்ளிக்கொண்டிருந்ததை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. கம்பெனியின் தையல் வரிசையில், கத்திரி இருந்தும் துணிப் பிசிறை நகத்தாலேயே கிள்ளுகிறவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் சூப்பர்வைசர் கோகிலவாணி வந்து அவள் மிஷினை நிறுத்தினாள்.

"ஏம்புள்ள, பொம்பளைங்க சங்கதிய ஊருக்கே சொல்லிட்டியே, வெக்கமா இல்ல?"

"அது என்ன மாத்திரைன்னுதானுங்கக்கா கேட்டேன். பேராவது சொல்லுங்க."

"டிவிக்காரங்ககிட்டயே போய்க் கேளு. கார்டக் குடுத்துட்டுக் கெளம்பு."

சண்டை போடத் தெம்பில்லை. அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. தை பிறந்தால் கல்யாணமாகப்போகிற மரகதம் மட்டும் கடைசி மிஷினில் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக் குனிந்திருந்தாள். பூங்கொடி தாண்டும்போது மரகதம் மடக்கியிருந்த கையை விரித்தாள். காலையில் கம்பெனியில் கொடுத்த மாத்திரை வியர்வையில் ஊறிக் கிடந்தது.

"வலி உசுரு போவுதுக்கா. முழுங்கட்டுமா?"