பதிலுக்குப் பதில்

"முதல்ல யாரைத் தூக்கப் போறாங்களாம்?" என்று தலைவியின் அறை வாசலில் உட்கார்ந்திருந்த உதவியாளர் பாண்டெலிஸிடம் கேட்டான் ஸ்டெர்யோஸ். அடுத்த நாற்காலியில் இருந்த எவாந்தியாவின் காதில் விழட்டும் என்றே கொஞ்சம் உரக்கக் கேட்டான்.

"அவர்கிட்ட சொல்லுங்க பாண்டெலிஸ். வயசுல மூத்தவங்களுக்குத்தான் முதல் மரியாதை," என்றாள் எவாந்தியா, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

பாண்டெலிஸ் எள் ரொட்டியைக் கடித்துக்கொண்டே பெருமூச்சு விட்டார். "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம்தான் இருக்கு. நேராவே பேசிக்கலாமே? நான் சாப்பிட வேண்டாமா?"

பேச மாட்டார்கள். ஆறு வருடமாகப் பேசவில்லை. பொறியியல் கல்லூரியின் கணினிப் பிரிவு அவனிடம், மருத்துவக் கல்லூரியின் கணினிப் பிரிவு அவளிடம். நடுவில் ஒரே ஒரு சுவர்.

கடைசியாக இந்த ஜூலையில், அவளுடைய ஆட்கள் காபி மெஷினுக்கு இடம் தேடி, அவனுடைய சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். அவன் கோபப்படவில்லை. சுவரிலிருந்த ஓட்டையை, அதன் வழியே போன அவளுடைய ஒயரோடு சேர்த்து, சிமெண்ட் வைத்து அழகாகப் பூசிவிட்டான்.

இந்த நிலையில்தான் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவுகளுக்கெல்லாம் தலைவியாகப் பொலிக்ஸேனி மேடம் வந்து சேர்ந்தார். வந்ததும் ஒரு சுற்றறிக்கை விட்டார். மற்றவர்களோடு ஒத்துழைக்காத பிரிவு இழுத்து மூடப்படும். அதன் தலைவர் உதவி மையத்தில் உட்கார்ந்து, பாஸ்வேர்டு மறந்துபோன பேராசிரியர்களுக்கு போனில் பதில் சொல்ல வேண்டும்.

அப்படி மறக்கும் பேராசிரியர்கள் அங்கே ஏராளம். இருவருக்கும் வெயிலில் கறுத்து உரிந்திருந்த மூக்கு நுனி, அதை நினைக்கும்போதெல்லாம் வியர்த்தது.

"உள்ளே வாங்க!"

மேடம் நிற்க வைத்தே தொடங்கினார். "இது பல்கலைக்கழகமா, இல்ல ஆளுக்கொரு ராஜ்யமா? ஆளுக்கொரு மெயில் சர்வர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு முறை, ஆளுக்கொரு வைரஸ் தடுப்பு. லீவுல போனா, வர்ற மெயிலுக்கெல்லாம் தானா பதில் போடறதுக்குக்கூட ஒவ்வொருத்தரும் சொந்தமா புரோகிராம் எழுதி வெச்சிருக்கீங்க! பொதுவுல நான் ஒண்ணு வாங்கிக் கொடுத்தா யாராவது தொடறீங்களா?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள். ஆறு வருடத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

"அதனால ஒரு கணக்கு எடுத்தேன்," என்று மேடம் திரையைக் காட்டினார். எந்தப் பிரிவு எந்தப் பிரிவோடு எவ்வளவு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறது என்று வண்ண வண்ணக் கோடுகள். எல்லாம் புல் உயரம். ஒன்று மட்டும் மின்கம்பம் மாதிரி நின்றது.

"இந்தக் கோடு யாருன்னு தெரியுதா?"

தெரியவில்லை.

"நீங்க ரெண்டு பேரும்தான்!" மேடம் எழுந்து வந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். "ஆகஸ்ட் ஒரு மாசத்துல மட்டும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் மெயில்! உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பார்க்க எனக்குச் சட்டத்துல இடமில்ல. ஆனா யார் யாருக்கு எப்போ அனுப்பினாங்கன்னு தெரியுமே. இவர் எழுதின அஞ்சு நிமிஷத்துக்குள்ள அவங்க பதில். அவங்க எழுதினா அதே மாதிரி இவர் பதில். நடு ராத்திரியிலகூட! மாதா திருநாள் அன்னிக்கு ஊரே கடல்ல விழுந்து கிடக்கு, நீங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்டிருக்கீங்க!"

வாசலில் பாண்டெலிஸ் இருமினார். "வெளியில அவ்வளவு சண்டை. உள்ளுக்குள்ள இவ்வளவா?"

"பாண்டெலிஸ், கதவைச் சாத்துங்க," என்றார் மேடம். ஆனால் அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தார்.

ஸ்டெர்யோஸ் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். அதே நேரம் மேஜை மேல் போன் அடித்தது. எடுத்த மேடம், "பாஸ்வேர்டு மறந்துபோச்சா, புரொஃபஸர்? மறுபடியுமா?" என்றார். ஸ்டெர்யோஸ் வாயை மூடிக்கொண்டான். எவாந்தியா திறக்கவே இல்லை.

போனை வைத்த மேடம் தீர்ப்பு சொன்னார். இரண்டு பிரிவுகளும் பிழைத்தன. அதோடு, ஒத்துழைப்பது எப்படி என்று மற்ற கல்லூரிகளுக்கெல்லாம் இனி இவர்கள் இருவரும் பாடம் எடுப்பார்கள்.

வெளியே பாண்டெலிஸ் கண்ணடித்து, எழுந்து நின்று வழிவிட்டார். தாழ்வாரத்தின் மூலை திரும்பியதும் எவாந்தியா சட்டென்று நின்றாள். சுவரைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"எனக்கு எதுக்கு அத்தனை மெயில் அனுப்பினீங்க?"

"நானா? நீங்கதானே அனுப்பியிருக்கீங்க!"

"நான் அனுப்பினது ஒண்ணே ஒண்ணு. அந்த சிமெண்டைப் பத்தி, உங்களை நல்லா நாலு வார்த்தை திட்டி. ஆகஸ்ட் பிறக்கறதுக்கு முன்னாடி அனுப்பிட்டு, நேரா இக்காரியா தீவுக்குக் கப்பல் ஏறிட்டேன். மாசம் முழுக்க நான் லீவு!"

ஸ்டெர்யோஸ் மேடத்தின் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"மெதுவாப் பேசுங்க. நானும் அன்னிக்கே லீவுல போயிட்டேன்."