டெனிஷ் எஸ்போஸ்தி

"எனக்க பேருக்கு என்னலே கொறச்சல்?"

பத்திநாதன் போட்ட சத்தத்தில், வளைகுடா நகரமான அஜ்மானில், டைப்பிங் சென்டரில் வரிசையில் நின்ற பாகிஸ்தானிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருந்த கௌஸ் முகம்மது கையை எடுத்துக்கொண்டார்.

"சத்தம் போடாதீங்கப்பா," என்றான் டெனிஷ். "பாஸ்போர்ட்ல ஒத்தப் பேரு மட்டும் இருந்தா இனி விசாவுக்குக் கஷ்டம். ரெண்டாவதா ஒரு பேரு வேணும்."

"அதுக்குத்தான் அப்பன் பேரு இருக்கே! நம்ம ஊருக்காரன் எல்லாரும் அதைத்தானே போடுகான்?"

"எல்லாரும் போடுகது எனக்கு வேண்டாம். எஸ்போஸ்தி! எங்க ஓட்டலுக்கு வந்திருக்க இத்தாலிக்கார செஃப்புக்க குடும்பப் பேரு. இத்தாலியிலயே கொஞ்சம் பேருக்குத்தான் உண்டாம். டெனிஷ் எஸ்போஸ்தி... கேக்கவே கெத்தா இல்லியா?"

இந்தப் பயலைப் படிக்க வைக்கத்தானே பத்திநாதன் இங்கே வந்து மீன்பிடி லாஞ்சில் ஏறி வலை இழுத்தார்? பதிலுக்கு வீடு கேட்டாரா, கார் கேட்டாரா? தன் பேர் அவன் பேரோடு ஒட்டிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். அதையும் எவனோ ஒரு சமையல்காரனுக்குத் தூக்கிக் கொடுக்கிறான்!

"ஒனக்குக் காய்ச்சல் வந்தா அந்த எஸ்போஸ்தியா வந்து கஞ்சி ஊத்துவான்? நன்றி கெட்ட பயலே!"

"கொஞ்சம் பொறுங்கண்ணே," என்று கௌஸ் முகம்மது போனை எடுத்துத் தேடினார். "ஒரு தடவை ஏத்திட்டா மாத்துறது லேசில்ல. அர்த்தம் என்னன்னாவது பாத்துருவோம்."

பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"தம்பி, அந்தக் காலத்து இத்தாலியில, பெத்தவங்க யாருன்னே தெரியாம வாசல்ல போட்டுட்டுப் போன புள்ளைங்களுக்கு வெச்ச பேராம். அனாதைப் பேருப்பா!"

"யாரைவே அனாதைங்கீரு?" பத்திநாதன் மேஜையில் ஓங்கி அடித்தார். "அந்தப் பிள்ளையள் என்னவே பாவம் செஞ்சுது, நீரு பல்லைக் காட்டுகதுக்கு?"

கௌஸ் முகம்மது சட்டென்று போனைக் கீழே வைத்தார். டெனிஷுக்கு முகம் தொங்கிவிட்டது.

"குத்துக்கல்லு மாதிரி அப்பன் நிக்கும்போது அந்தப் பேரு எனக்கு என்னத்துக்கு? பாய், டெனிஷ் பத்திநாதன்னே அடிங்க. எனக்கு எங்கப்பா பேருதான் வேணும்."

ஜெயித்த மனுஷன் சிரிப்பார் என்று பார்த்தால், பத்திநாதன் விறுவிறுவென்று வெளியே போனார். கடை மறைவில் நின்று, ஊரில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டார்.

"தங்கபுஷ்பம்..." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தோணியார் குருசடிக் கோயில் வாசல்ல, துணியில சுத்திக் கெடந்தானே நம்ம பய... இன்னைக்கு அவனாவே எனக்க பேரைக் கேட்டு வாங்கிட்டான்டி."