ஆற்றை விட்டு ஏறாதவள்

கொலம்பியா ஆற்றின் மேல் வெயில் இப்போதுதான் விழுகிறது. அமெரிக்கப் பூர்வகுடியான யாக்கமா இனத்து லவீனா முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். கையில் சுற்றிய வலைக்கயிறு வழியே சால்மன் மீன்களின் துள்ளல் தோள்வரை அதிர்கிறது. கரையில், பூட்ஸ் நனையாத தூரத்தில், மாநில மீன்வளக் காவலன் டென்னிங். அவன் வண்டிக்குள் அவள் கணவன் ஆல்வின் விலங்கோடு உட்கார்ந்திருக்கிறான். "வலைய விட்டுட்டு மேல வாம்மா. இங்க மீன் பிடிக்கக் கூடாது, மாநிலச் சட்டம்" என்கிறான் டென்னிங். லவீனா கயிற்றை விடுவதில்லை. "நிலத்த எழுதிக் கொடுத்தப்பவும் மீன் பிடிக்கிற உரிமைய எங்காளுங்க கொடுக்கல. அது அமெரிக்க அரசாங்கத்தோட போட்ட ஒப்பந்தம். அப்ப உங்க மாநிலம் பொறக்கவே இல்ல, தம்பி." "அதெல்லாம் பழங்கதை." "பழங்கதையா? அந்த ஒப்பந்தம் மாநிலச் சட்டத்துக்கும் மேலன்னு அரசியல் சாசனம் சொல்லுது. வேலைக்குச் சேரும்போது கையத் தூக்கி அதுமேலதானே சத்தியம் பண்ணின?"

டென்னிங்கின் காதுமடல்கள் சிவக்கின்றன. "உன்னையும் கைது பண்ணுவேன்." "பண்ணு. மத்திய அரசு கோர்ட்டு வரைக்கும் போய் இதையேதான் கேப்பேன்." வண்டிக்குள் ஆல்வின் உரக்கச் சிரிக்கிறான். டென்னிங் பூட்ஸோடு ஆற்றில் இறங்குகிறான். குளிரில் அவனுக்கு மூச்சு ஒரு கணம் அடைக்கிறது. லவீனா இரண்டு மணிக்கட்டுகளையும் தானே நீட்டுகிறாள். தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே விலங்கு பூட்டும் ஓசை சன்னமாகக் கேட்கிறது. அவள் ஆற்றுப் பக்கம் திரும்பி, பூட்டிய கைகளாலேயே வலையை இழுக்கத் தொடங்குகிறாள்.