எந்த மாத்திரை நல்லது?

ஆயத்த ஆடை ஆலையின் மருத்துவருக்கு அன்று மனம் நிறைந்திருந்தது. இரத்த அழுத்தமுள்ள பெண்கள் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து, அதற்குத் துணையாக முதல் தையல் கூடத்தாருக்குச் சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் பழைய நீர் மாத்திரையும் இரண்டாம் கூடத்தாருக்குப் புதியதும் தந்து, மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். இரண்டாம் கூடத்தில் அழுத்தம் மளமளவென்று இறங்கியது. முதல் கூடத்தில் இம்மியும் அசையவில்லை.

"புதுசுதான் ஜெயிச்சுது, சிஸ்டர். இனிமே எல்லாருக்கும் இதையே கொடுத்துடுங்க."

முதல் கூடத்தில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவளுக்குத்தான் அழுத்தம் மிக அதிகம். அவளுக்கு மட்டும் தம் கையாலேயே புது மாத்திரையைக் கொடுத்தார்.

"விடாம போடும்மா. உனக்கு ஒண்ணும் ஆகாது."

"சரிங்க டாக்டர்."

பத்தாம் நாள் அவள் தையல் இயந்திரத்தின் மீதே சரிந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. மாலைக்குள் உயிர் பிரிந்தது.

"புது மாத்திரைக்குக்கூடவா கேட்கலை?" என்று அவளருகே அமர்ந்து தைத்து வந்தவளிடம் மருத்துவர் கேட்டார்.

"அவ எங்க டாக்டர் போட்டா? எங்க கூடத்துல யாருமே நீர் மாத்திரையைப் போடறதில்லை. ரெண்டு தடவை பாத்ரூமுக்கு எழுந்தா போதும், சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும், 'என்னம்மா, குழாயை மூடாம வந்துட்டியா?'ன்னு கேப்பாரு. மானம் போகும்."

"அப்போ இரண்டாம் கூடத்துல எப்படிப் போடறாங்க?"

"அங்க சூப்பர்வைசர் ஒரு அக்கா, டாக்டர். அவங்களும் உங்ககிட்டதானே நீர் மாத்திரை வாங்கிச் சாப்பிடறாங்க."