இரண்டாம் மறுப்பு

மையை அவனே தேய்த்தான்.

பேரரசன் மை தேய்க்கக் கூடாது. அதற்கென்று அரண்மனையில் ஓர் ஆள் இருந்தான். அவன் நேற்றே தளபதி வீட்டு வேலைக்குப் போய்விட்டான்.

எழுத வேண்டியது ஒரே செய்தி. வானம் என் குலத்தைக் கைவிட்டுவிட்டது. அரியணையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு முறை எழுதி அனுப்பியாகிவிட்டது. தளபதி கோ படித்துவிட்டுக் கண்ணீர் விட்டாராம். எனக்கு ஏது தகுதி என்றாராம். கடிதத்தோடு போன அரச முத்திரைப் பெட்டியைத் தொடவே இல்லையாம்.

தகுதியில்லாதவரின் படை அரண்மனையின் நாலு வாசலிலும் நிற்கிறது.

விருந்துகளில் சிலரைப் பார்க்கலாம். போதும் போதும் என்று இலையைக் கையால் மறைப்பார்கள். விரலிடுக்கில் நெய்க்கு வழி விட்டிருப்பார்கள்.

முறை அப்படி. ஒரு வம்சம் போய் இன்னொரு வம்சம் வரும்போது, போகிறவன் மூன்று முறை கெஞ்ச வேண்டும். வருகிறவன் இரண்டு முறை மறுக்க வேண்டும். மூன்றாம் முறை, வேறு வழியில்லாமல் வாங்கிக்கொள்வான்.

அப்போதுதான் அதற்குத் திருட்டு என்று பெயர் வராது.

கொடுப்பதில் அவனுக்கு வருத்தமில்லை. பட வேண்டிய வருத்தத்தையெல்லாம் குளிர்காலத்திலேயே பட்டு முடித்தாயிற்று. இந்தத் தாமதம்தான் பொறுக்கவில்லை.

பேரரசிக்கு மாதம் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து வலி.

முத்திரை கைமாறிய பிறகு பிறந்தால், அது பதவி போன ஒருவனின் பிள்ளை. ஏதோ ஒரு மலையோர ஊரில் வாத்து மேய்த்தாவது பிழைத்துக்கொள்ளும்.

அதற்கு முன்பே ஆணாகப் பிறந்துவிட்டால் பட்டத்து இளவரசன். பழைய வம்சத்து இளவரசனைப் புதிய வம்சம் வளரவிட்டதாக அவன் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாம் கடிதத்தை மானத்தை விட்டு எழுதினான். இன்றே, பொழுது சாய்வதற்குள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதினான்.

சடங்கு அமைச்சர் வேய் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவு அவசரம் காட்டினா நல்லாயிருக்காது, பேரரசே. உங்க முப்பாட்டனாரும் ரெண்டு தடவை மறுத்துட்டுத்தான் வாங்கினார்."

தெரியும். அதைத் தன்னடக்கம் என்று அவனுக்குச் சொல்லி வளர்த்தார்கள். கொடுத்தவன் வீட்டில் அன்றைக்கு யாருக்காவது வலி எடுத்ததா என்று யாரும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

வேய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்தார். சடங்கு அமைச்சர் ஓடக் கூடாதாம்.

அவன் உள்ளே போனான். திரைக்குப் பின்னால் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"இன்னும் வாங்கிக்கலையா அந்த மனுஷன்?"

கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று வாய் வரை வந்தது. எதைப் பொறுப்பாள்? முறை பார்த்தா பிள்ளை பிறக்கும்?

வெளியே வந்து மூன்றாம் கடிதத்தையும் எழுதி முடித்தான். இரண்டாம் மறுப்பு வருவதற்குள் அதை எழுதுவது முறையல்ல. முறை நாசமாய்ப் போகட்டும். தன் குலத்தைத் தானே திட்டி எழுதினான். தளபதியின் காலைத் தொட்டு எழுதினான்.

வேய் திரும்பி வந்தார். பெட்டி அவர் கையிலேயே இருந்தது. பின்னால் ஒரு பெண், கையில் துணி மூட்டையோடு.

தளபதி இந்த முறையும் அழுதாராம்.

அவன் மூன்றாம் கடிதத்தை வேயின் கையில் திணித்தான். ஓடுங்கள் என்றான். மரியாதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஓடுங்கள்.

வேய் நகரவில்லை. அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் முன்னால் வந்து குனிந்து வணங்கினாள். தளபதி வீட்டு மருத்துவச்சி அவள்.

"ஒண்ணும் அவசரமில்லைங்க, பேரரசே. குழந்தை பிறந்தப்புறம் மூணாவது கடிதம் வந்தாப் போதும்னு தளபதி சொல்லச் சொன்னாரு."

பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வெந்நீர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.